நவம்பர் ஆட்டங்களை வைத்து ஒரு ஃப்ரெஷ்மேனை எடை போடலாமா?

2006 நவம்பரில் அமெரிக்காவின் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்காக 18 வயது முதலாண்டு மாணவன் (ஃப்ரெஷ்மேன்) ஒருவன் தன் முதல் கூடைப்பந்து ஆட்டத்தை ஆடினான். எதிரணி ஈஸ்டர்ன் மிச்சிகன். அவன் எடுத்தது 15 பாயிண்ட். பரவாயில்லைதான். ஆனால் 13 டர்னோவர். டர்னோவர் என்றால் ஷாட் எடுக்கும் முன்பே பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. ஒரு முழு அணியே ஒரு ஆட்டத்தில் 12, 13 முறைதான் அப்படிப் பறிகொடுக்கும். இவன் தனியாளாக அதைச் செய்து முடித்தான். அன்று இரவு அவனைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? ஒல்லி, உயரம் போதாது, பெரிய ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்றுதான். அடுத்த ஆட்டம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு. அதில் 32 பாயிண்ட். பெயர் ஸ்டெஃபன் கரி, பின்னாளில் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "ஆகவே பொறுமையாக இருங்கள்" என்று முடித்துவிடுவது சுலபம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் திணறிய பெரும்பாலான பையன்கள் ஸ்டெஃபன் கரி ஆவதில்லை. சிலர் கடைசிவரை திணறிக்கொண்டேதான் இருப்பார்கள். அப்படியானால் சீசனின் முதல் ஆறு, ஏழு வாரங்களில் ஒரு ரசிகரால் எதைத்தான் நம்பகமாகத் தெரிந்துகொள்ள முடியும்? பாயிண்டைப் பார்த்துக் கொஞ்சம்தான் தெரியும். அவன் எந்த வகைத் தவறு செய்கிறான், அதையே திரும்பச் செய்கிறானா என்று பார்த்தால் நிறையத் தெரியும்.

முதலில் அடிப்படை. அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு மாணவரை ஃப்ரெஷ்மேன் என்பார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர் சாஃபமோர், ஜூனியர், சீனியர். ஆண்கள் கூடைப்பந்தின் மேல்தட்டான முதல் பிரிவில் 360 அணிகளுக்கு மேல் இருக்கின்றன. சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். மார்ச்சில் 68 அணிகள் மோதும் நாக்அவுட் போட்டி. ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதியாட்டம். நவம்பர், டிசம்பரில் வெளி அணிகளோடு ஆட்டம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தன் சொந்தக் கூட்டமைப்பு அணிகளோடு மோதல் தொடங்கும். இந்தக் கூட்டமைப்பைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள்.

முதலாண்டுப் பையன்களிடம் இவ்வளவு எதிர்பார்ப்பு எப்போதும் இருந்ததில்லை. 1972-73 சீசனுக்கு முன்பு, ஒருசில விலக்குகள் தவிர, அவர்கள் பிரதான அணியில் ஆடவே அனுமதி கிடையாது. அவர்களுக்குத் தனியாக ஒரு அணி, தனி ஆட்டங்கள். 1965 நவம்பரில் யுசிஎல்ஏவில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தக் கல்லூரியின் பிரதான அணி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றிருந்தது. அதைச் சொந்தக் கல்லூரியின் ஃப்ரெஷ்மேன் அணியே 75-60 என்று வீழ்த்தியது. 31 பாயிண்ட் எடுத்தவர் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். அப்படி வீழ்த்தியும் அந்த ஆண்டு முழுக்க அவரால் பிரதான அணிக்கு ஆட முடியவில்லை. விதி விதிதான்.

இன்றைய அவசரத்துக்கு வேர் 2005-இல் இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு என்பிஏவுக்குப் போகும் வழியை அந்த ஆண்டின் ஒப்பந்தம் அடைத்தது. வயது 19 ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடிந்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்று 2006 முதல் விதி. விளைவு, மிகத் திறமையான பையன்கள் ஒரே ஒரு ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுப் போவது வழக்கமானது. கெவின் டுரான்ட் 2006-07-இல் டெக்சஸுக்கு ஆடிச் சராசரி 25.8 பாயிண்ட், 11.1 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். நாட்டின் சிறந்த வீரராகத் தேர்வான முதல் ஃப்ரெஷ்மேன் அவர். 2012-இல் கென்டக்கியின் ஆன்டனி டேவிஸ், 2019-இல் ட்யூக்கின் ஸயன் வில்லியம்சன், 2025-இல் அதே ட்யூக்கின் கூப்பர் ஃப்ளாக் என்று வரிசை நீண்டது. ரசிகர்கள் கையில் இருக்கும் அளவுகோல் இவர்கள்தான். உண்மையில் ஆண்டுக்கு ஒருவர், இருவர்தான் இப்படி வருகிறார்கள். ஆனால் பள்ளி வீரர்களை மதிப்பிடுகிறவர்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரப் பட்டத்தோடு வந்து இறங்கும் ஒவ்வொரு பையனிடமும் நவம்பர் பத்தாம் தேதிக்குள் இதை எதிர்பார்ப்பது பெரிய கல்லூரிகளின் ரசிகர்களுக்குப் பழகிப்போன நோய்.

பள்ளியிலிருந்து வரும்போது மாறுவது என்ன

ஆட்ட நேரம் மாறுகிறது. பள்ளியில் வழக்கமாக 32 நிமிடம், கல்லூரியில் 40. பள்ளியில் மூன்று பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கும். கல்லூரி ஆண்களுக்கு 22 அடி 1¾ அங்குலம். இரண்டே கால் அடிக்கு மேல் வித்தியாசம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான முறை ஒரே தூரத்திலிருந்து எறிந்து பழகிய கைக்கு அது அற்பமில்லை. அப்புறம் கடிகாரம். பல மாநிலப் பள்ளிகளில் ஷாட் கிளாக்கே கிடையாது, கல்லூரியிலோ 30 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் எதிரே நிற்கும் ஆள். கடந்த சில ஆண்டுகளில் கல்லூரிக் கூடைப்பந்தின் சராசரி வயதே ஏறிவிட்டது. கோவிட் காலத்தில் எல்லோருக்கும் ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. 2021 முதல் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. என்பிஏவில் இடம் கிடைக்காதவர்கள் வெளிநாட்டு லீகுக்கு ஓடாமல் கல்லூரியிலேயே தங்க இது போதுமான காரணம். ஆக, இன்றைய ஃப்ரெஷ்மேனுக்கு எதிரே 23 வயது ஆள் ஒருவன் தோளை இறக்கி நிற்கிறான். நான்கு ஆண்டுகள் எடை தூக்கி உடம்பை இறுக்கியவன். கூப்பர் ஃப்ளாக் ட்யூக்குக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 17. இந்த ஆறு வயது இடைவெளியை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் தனிக் கட்டம் போட்டுக் காட்டுவதில்லை. அதனால் எந்த ஃப்ரெஷ்மேனைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அவனுடைய பிறந்த தேதியை.

எண்கள் எங்கே ஏமாற்றும்

நவம்பர் அட்டவணையைப் பாருங்கள். பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கு வரவழைக்கும். சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணத்தில் விளையாட்டுத் துறைச் செலவு ஓடும். பெரிய கல்லூரிக்கு 30, 40 பாயிண்ட் வித்தியாசத்தில் ஒரு வெற்றி. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நம் பையன் 18 பாயிண்ட் எடுத்தான் என்றால், அவனைவிட அரையடி குள்ளமானவர்கள்மேல் எடுத்தது அது. அதே வாரத்தில் இன்னொரு பெரிய அணியோடு பொதுவான அரங்கில் ஒரு ஆட்டம் இருக்கும். அதில் 4 பாயிண்ட். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 11 வரும். அந்த 11 எந்த ஆட்டத்தையும் விவரிக்கவில்லை.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது ஒரே கொதியில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். இங்கே ஒவ்வொரு பருக்கையும் வேறு வேறு அடுப்பில் வேகிறது.

நிமிடக் கணக்கு இன்னொரு பொறி. 12 நிமிடம் ஆடி 6 பாயிண்ட் எடுத்தவனைப் பற்றி, "40 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 20 பாயிண்ட்! கோச் ஏன் இவனை உட்கார வைக்கிறார்?" என்று ரசிகர் கொதிப்பார். கணக்கு சரிதான். ஆனால் அந்த 12 நிமிடமும் பெரும்பாலும் எதிரணியின் மாற்று ஆட்களுக்கு எதிராக, களைப்பில்லாத கால்களோடு, கோச் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நேரத்தில் ஆடியது. 35 நிமிடம் ஆடச் சொன்னால் அதே வேகம் நிற்குமா என்பது தெரியாது. இன்னொன்று, வளையத்தருகே ஆடும் உயரமான சென்டரோ வேறு யாரோ, ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. 12 நிமிடத்தில் மூன்று ஃபவுல் செய்கிறவனை 35 நிமிடம் வைத்திருக்க எந்தக் கோச்சாலும் முடியாது. அவன் தன்னைத்தானே பெஞ்சுக்கு அனுப்பிக்கொள்கிறான்.

அதிகம் சண்டை நடப்பது மூன்று பாயிண்ட் ஷாட்டைப் பற்றித்தான். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு பையன் உண்மையிலேயே 35 சதவீத ஷூட்டர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி அளவில் அது நல்ல எண். ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு முயற்சி என்று 20 ஷாட் எடுக்கிறான். ஏழு விழ வேண்டும். ஆனால் வெறும் தற்செயலால் மட்டுமே ஐந்திலிருந்து ஒன்பது வரை எது வேண்டுமானாலும் விழலாம், அதாவது 25 சதவீதத்திலிருந்து 45 வரை. அதற்கும் வெளியே போக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 20 ஷாட்டில் நான்கு விழுந்தவனும் பத்து விழுந்தவனும் ஒரே திறமைசாலியாகவே இருக்கலாம். ஒருவனுக்குப் பட்டம் சூட்டுகிறோம், இன்னொருவனுக்குக் கை நடுங்குகிறது என்கிறோம்.

ஃப்ளாக்குக்கும் முதல் சில வாரங்களில் த்ரீ, அதாவது மூன்று பாயிண்ட் ஷாட், சரியாக விழவில்லை. சீசன் முடிவில் அவருடைய விகிதம் 38.5. இடையில் அவர் புதிதாக எறியக் கற்றுக்கொண்டார் என்று சொல்வதைவிட, எறிந்த எண்ணிக்கை கூடியதும் உண்மை வெளியே வந்தது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியானால் நவம்பரில் ஷூட்டிங்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதா? ஒரு குறிப்பு கிடைக்கும். ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். யாரும் மறிக்காமல், எப்போதும் 15 அடியிலிருந்து, அதே அசைவில் எறிவது. அதில் 85 சதவீதம் போடுகிறவனுக்குக் கையில் குறையில்லை. த்ரீ பின்னால் வரும். 55 சதவீதம் போடுகிறவன் நவம்பரில் மூன்று ஆட்டம் த்ரீயைப் பொழிந்தாலும் நான் அவசரப்பட்டு நம்ப மாட்டேன். எடுக்கும் ஷாட்டின் தரமும் முக்கியம். கால் ஊன்றி நின்று, பாஸ் வாங்கி எறிந்து தவறுவது ஒன்று. ஷாட் கிளாக்கில் 20 விநாடி மீதமிருக்க, இருவர் மறிக்கும்போது பின்னால் சாய்ந்து எறிந்து தவறுவது வேறு. இரண்டும் அட்டவணையில் ஒரே பூச்சியமாகத்தான் பதிவாகும்.

பந்து இல்லாத பக்கம்

ஒரு ஃப்ரெஷ்மேன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று ஒரே ஒரு இடத்தில்தான் பார்க்க முடியும் என்றால், நான் டிஃபென்ஸில் அவன் பந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் விநாடிகளைத் தேர்ந்தெடுப்பேன். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நீங்கள் திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

எதிரணி கார்டு, அதாவது பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தைத் தட்டிக்கொண்டு வலப்பக்கம் வருகிறான். அவனுடைய சென்டர் வந்து தடுப்பாக நிற்கிறான், இதுதான் ஸ்க்ரீன். நம் பையன் இடது மூலையில் நிற்கும் ஒரு ஷூட்டருக்குக் காவல். அவன் செய்ய வேண்டியது, தன் ஆளிடமிருந்து விலகி வளையத்துக்குக் கீழுள்ள பகுதிக்கு ஒரு கால் வைத்து, ஒரு கண்ணில் பந்தும் ஒரு கண்ணில் ஆளுமாக நிற்பது. பந்து உள்ளே பாய்ந்தால் குறுக்கே போக வேண்டும். மூலைக்குப் பாஸ் பறந்தால் திரும்பி ஓடி, கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்தி ஷூட்டர் முன் நிற்க வேண்டும்.

முதல் மாதத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. பையன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு விநாடி தாமதமாக உள்ளே போகிறான். பாஸ் மூலைக்குப் பறக்கிறது. பதறித் திரும்பி முழு வேகத்தில் ஓடி எகிறிக் குதிக்கிறான். ஷூட்டர் எறிவதுபோலப் பாசாங்கு காட்டி, பறந்து போகிறவனைத் தாண்டவிட்டு, ஒரு தட்டுத் தட்டி உள்ளே நுழைகிறான். இந்த ஓட்டையை அடைக்க நம் சென்டர் ஓடி வருகிறான், கை இடிக்கிறது, விசில். ஃபவுல் சென்டர் கணக்கில் ஏறுகிறது. அரங்கில் இருப்பவர்கள் சென்டரைத் திட்டுகிறார்கள். ஃப்ரெஷ்மேனின் கணக்கு சுத்தமாக இருக்கிறது. கோச் மட்டும் மாற்று ஆளைக் கைகாட்டி எழுப்புகிறார். "நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருந்தான்?" என்று ரசிகர் கேட்பது இந்த இடத்தில்தான்.

இந்தத் தவறு நவம்பரில் நடந்தால் கவலை இல்லை. ஜனவரி நடுவிலும் அதே மூலையில் அதேபோல எகிறிக் குதித்தால், கற்பித்தது ஏறவில்லை என்று அர்த்தம். ஒரு விநாடித் தாமதம் அரை விநாடியாகக் குறைந்திருந்தால், ஷூட்டர் அப்போதும் கூடையைப் போட்டாலும் அது முன்னேற்றம்தான்.

டர்னோவரையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். யாரும் அழுத்தாதபோது தன் காலிலேயே பந்தைத் தட்டிக்கொள்வது ஒரு வகை. இன்னொரு வகையில், சரியான ஆளைப் பார்த்து, சரியான பாஸை, கால் விநாடி தாமதமாகக் கொடுத்துப் பறிகொடுப்பான். பள்ளியில் அந்த இடைவெளி திறந்தே இருந்தது. கல்லூரியில் நீளமான கைகள் அதை மூடிவிடுகின்றன. இரண்டாவது வகையைக் கண்டால் நான் மகிழ்ச்சி அடைவேன். பார்வை இருக்கிறது, வேகம் மட்டும்தான் பழக வேண்டும். டர்னோவரே இல்லாத ஃப்ரெஷ்மேன் கார்டு எனக்குச் சந்தேகம் தருவான். ஆபத்தான பாஸ் எதையும் முயலாமல் பக்கத்து ஆளுக்கே பந்தைத் தள்ளிவிட்டு ஒளிந்துகொள்கிறானோ என்று தோன்றும்.

2024 நவம்பர் 12 அன்று அட்லாண்டாவில் ட்யூக்கும் கென்டக்கியும் மோதின. ஃப்ளாக் 26 பாயிண்ட், 12 ரீபவுண்ட். 72-72 என்று சமநிலையில் கடைசி விநாடிகளில் பந்து அவர் கையில்தான். உள்ளே பாய்ந்தார், கென்டக்கியின் ஓத்தேகா ஓவே பந்தைத் தட்டிப் பறித்து, ஃபவுல் வாங்கி, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். அடுத்த முறையும் பந்து ஃப்ளாக்கிடமே வந்தது, அதையும் இழந்தார். ட்யூக் 77-72 என்று தோற்றது. மறுநாள் பேச்செல்லாம் அந்த இரண்டு டர்னோவரைப் பற்றி. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு: 17 வயதுப் பையனிடம் முதல் தவறுக்குப் பிறகும் கோச் ஜான் ஷையர் பந்தை விட்டுவைத்தார். இரண்டு மாதம் கழித்து நோட்டர் டேமுக்கு எதிராக ஃப்ளாக் 42 பாயிண்ட் எடுத்தார். அவர்களுடைய கான்ஃபரன்ஸில் எந்த ஃப்ரெஷ்மேனும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எடுத்ததில்லை.

கோச்சின் நம்பிக்கையை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தொடக்க ஐவரில் யார் என்று பார்க்காதீர்கள்; அது பல நேரம் மரியாதைக்காகக் கொடுப்பது. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கியபின் ஆட்டம் நிற்கும்போது விளம்பர இடைவேளை வரும். நெருக்கமான ஆட்டத்தில், இரண்டாம் பாதியின் அந்தக் கடைசி இடைவேளை முடிந்து யார் களத்துக்குத் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். அங்கே நம் பையன் இருந்தால், அவனுடைய சராசரி 5 பாயிண்டாக இருந்தாலும் கோச் அவனிடம் ஏதோ கண்டிருக்கிறார்.

யாரோடு ஆடுகிறான்

ஹாரிசன் பார்ன்ஸ் விஷயம் இதற்குப் பாடப்புத்தகம். 2010-இல் நார்த் கரோலினாவுக்கு வந்தபோது, ஒரு ஆட்டம்கூட ஆடாமலே அசோசியேட்டட் பிரஸ்ஸின் சீசனுக்கு முந்தைய சிறந்த ஐவரில் இடம்பிடித்தார். அந்தப் பட்டியலில் ஒரு ஃப்ரெஷ்மேன் வந்தது அதுவே முதல் முறை. நவம்பரில் மினசோட்டாவிடம் அணி தோற்றபோது அவர் எறிந்த 12 ஷாட்டில் ஒன்றும் விழவில்லை. டிசம்பர் முழுக்க, "இவனைத் தலையில் தூக்கி வைத்தது தப்பு" என்ற பேச்சுதான்.

ஜனவரி நடுவில் கோச் ராய் வில்லியம்ஸ் பந்தை ஏந்தும் கார்டை மாற்றினார். கெண்டல் மார்ஷல், அவரும் ஃப்ரெஷ்மேன், தொடக்க ஐவருக்கு வந்தார். அவருக்கு வேகம் குறைவு, எறிவதும் சுமார். ஆனால் யாருக்கு எப்போது பந்து வேண்டும் என்று தெரிந்த கை. பார்ன்ஸ் அதற்குமேல் தானே பந்தைத் தட்டி இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டிய தேவை குறைந்தது. ஓடி வந்து நின்றால் பந்து கைக்கு வந்தது. மார்ச்சில் கான்ஃபரன்ஸ் தொடரில் கிளெம்சனுக்கு எதிராக 40 பாயிண்ட் எடுத்தார். டிசம்பர் பார்ன்ஸும் மார்ச் பார்ன்ஸும் வேறு வேறு ஆளா? கொஞ்சம் வளர்ந்திருப்பார், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு பக்கத்தில் ஆடியவருடையது.

இதற்கு எதிர்ப்பக்கம் அயோவா ஸ்டேட், 2018-19. ஒரே அணியில் இரண்டு ஃப்ரெஷ்மேன்கள். டேலன் ஹார்ட்டன்-டக்கர் சராசரி 11.8 பாயிண்ட், டைரீஸ் ஹாலிபர்ட்டன் 6.8. பாயிண்டை மட்டும் பார்த்தால் யார் முன்னால் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஹாலிபர்ட்டன் ஆட்டத்துக்கு 3.6 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்) கொடுத்து ஒரு டர்னோவர்கூட முழுதாகச் செய்யவில்லை; 0.8 தான். மூத்தவர்கள் ஷாட் எடுக்கும் அணியில் பந்தைச் சேதமில்லாமல் கடத்தும் வேலை அவருக்கு. ஹார்ட்டன்-டக்கர் அந்த ஆண்டே என்பிஏ தேர்வுக்குப் போய் 46-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஹாலிபர்ட்டன் இன்னொரு ஆண்டு இருந்து 12-ஆவது ஆளாகப் போய், பிறகு என்பிஏ ஆல்-ஸ்டார் ஆனார். டெவின் புக்கரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: 2014-15 கென்டக்கி அணியில் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லாமல் 10 பாயிண்ட் சராசரி. தோல்வியே காணாமல் 38 ஆட்டம் வென்ற அந்த அணியில் எல்லோருக்கும் நிமிடம் பங்கிட வேண்டியிருந்தது.

பாயிண்டே எடுக்காமல் ஆட்டத்தை ஆள முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2012 இறுதியாட்டம் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் கான்சஸை எதிர்த்து ஆன்டனி டேவிஸ் பத்து ஷாட்டில் ஒன்றுதான் போட்டார். மொத்தம் 6 பாயிண்ட். ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது), 5 அசிஸ்ட், 3 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). கென்டக்கி 67-59 என்று வென்றது, தொடரின் சிறந்த வீரர் விருது டேவிஸுக்கே போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மெதுவாகப் பழுத்தவர்களும் உண்டு. விஸ்கான்சினின் ஃப்ராங்க் கமின்ஸ்கி முதலாண்டில் ஆட்டத்துக்கு 1.8 பாயிண்ட்; நான்காம் ஆண்டில் 18.8, நாட்டின் சிறந்த வீரர். ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் முதலாண்டில் எறிந்த த்ரீக்களில் நான்கில் ஒன்றுகூட விழவில்லை. சீனியராக 45 சதவீதத்துக்கு மேல், சராசரி 25 பாயிண்ட். பர்ட்யூவின் ஸாக் ஈடி முதலாண்டில் பெஞ்சிலிருந்து வந்து 15 நிமிடம் ஆடியவர், பிறகு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நாட்டின் சிறந்த வீரர். மறுபுறம் ஸ்கால் லாபிசியேர், 2015-இல் நாட்டின் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவராகக் கென்டக்கிக்கு வந்து சராசரி 6.6 பாயிண்டோடு கிளம்பினார். அவர் விஷயத்தில் நவம்பரிலேயே சந்தேகப்பட்டவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். உயரம் இருந்தது, மென்மையான எறிதல் இருந்தது. ஆனால் உடம்பால் மோதி இடம் பிடிக்கும் வலு சீசன் முழுக்க வரவில்லை.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முழுப் பொய் கிடையாது. முதல் பத்து இடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார்கள். ஆனால் அந்த மதிப்பீடு எத்தனை ஆண்டுகள் கழித்து எங்கே நிற்பான் என்பதைப் பற்றியது. டிசம்பர் முதல் வாரத்தில் எத்தனை பாயிண்ட் என்பதைப் பற்றியதல்ல. 40-ஆவது இடத்தில் இருந்த கார்டு 5-ஆவது இடத்தில் இருந்த சென்டரைவிட முதல் மாதத்தில் உபயோகமாக இருப்பது சர்வசாதாரணம்.

ஜனவரி கடைசி, பிப்ரவரியில் இன்னொரு குழப்பம் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பையன் திடீரென்று தளர்வான். ஃப்ரெஷ்மேன் சுவர் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. காரணம் மர்மமில்லை. பள்ளியில் மொத்த சீசனும் முடிந்திருக்கும் அளவு ஆட்டங்கள் அவன் காலில் ஏறியாகிவிட்டன, இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி. இடையே விமானப் பயணம், வகுப்பு, தேர்வு. முதலில் போவது கால்கள். அதனால் த்ரீ வளையத்தின் முன்விளிம்பில் இடித்துக் குட்டையாக விழ ஆரம்பிக்கும். இன்னொரு காரணம், எதிரணிகளிடம் இப்போது அவனைப் பற்றி இருபது ஆட்டக் காணொளி இருக்கிறது. வலக்கைப் பக்கம்தான் பாய்கிறான் என்று தெரிந்தால் வலப்பக்கத்தை அடைத்துவிட்டு நிற்பார்கள்.

இதைச் சோதிக்கக் கான்ஃபரன்ஸ் அட்டவணையே ஒரு வசதி செய்து தருகிறது. சில அணிகளோடு இரண்டு முறை ஆட வேண்டும், சொந்த அரங்கில் ஒன்று, அவர்கள் அரங்கில் ஒன்று. அதே கோச், அதே காவல்காரன், இடையே மூன்று நான்கு வாரம். முதல் ஆட்டத்தில் எந்தத் தந்திரத்தால் நம் பையனைக் கட்டிப்போட்டார்களோ, இரண்டாவது ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அதையே மறுபடி போடுவார்கள். வலப்பக்கம் அடைபட்டதும் பழையபடி மோதிப் பந்தை இழக்கிறானா, நின்று இடக்கைக்கு மாற்றுகிறானா, அல்லது உதவிக்கு வந்தவன் விட்டுவந்த ஆளைத் தேடிப் பாஸ் கொடுக்கிறானா? பாஸ் கொடுத்தபின் அந்த ஆள் ஷாட்டைத் தவறவிட்டால் அசிஸ்ட்கூட எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.